‘கேன் யூ ஏபிள் டு ஹியர் மீ?’: ‘முடியும்’ படுத்தும் பாடு

ஆன்லைன் மீட்டிங் தொடங்கியதும் யாராவது ஒருவர் ‘கேன் யூ ஏபிள் டு ஹியர் மீ?’ என்று கேட்டுவிடுவார். எல்லோருக்கும் புரிந்துவிடும், பதிலும் வந்துவிடும். அதனாலேயே இந்தத் தவறை யாரும் திருத்துவதில்லை. நானும் பல வருடம் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

‘ஏபிள்’ என்பதை நாம் வினைச்சொல்லாக நினைத்துக்கொள்கிறோம். நம் காதில் அது ‘முடியும்’ என்று விழுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் அது ‘ரெடி’, ‘ஹாப்பி’ போல வெறும் பெயரடை. அந்த இடத்தில் ‘ரெடி’யை வைத்துச் சொல்லிப் பாருங்கள்: ‘கேன் யூ ரெடி டு கம்?’ உடனே இடிக்கிறதல்லவா? ‘ஆர் யூ ரெடி’ என்றுதானே கேட்போம். அதே போலத்தான் ‘ஆர் யூ ஏபிள் டு ஹியர் மீ?’ இதைவிடச் சுருக்கம், ‘கேன் யூ ஹியர் மீ?’. இரண்டில் ஒன்று போதும். ‘ஐ வில் ஏபிள் டு கம்’, ‘ஐ நாட் ஏபிள் டு லாகின்’ என்பவையும் இதே சோதனையில் மாட்டிக்கொள்ளும். ‘ஐ வில் பீ ஏபிள் டு’, ‘ஐ ஆம் நாட் ஏபிள் டு’ என்பதே சரி. ‘கேன்’ என்ற சொல் ‘வில்’, ‘ஹேவ்’ ஆகியவற்றுக்குப் பின்னால் வராது. அந்த இடங்களை நிரப்பத்தான் ‘பீ ஏபிள் டு’ தேவைப்படுகிறது.

இதைவிடச் சிக்கலானது, ஆனால் பலர் கவனிக்காதது, ‘குட்’. (தமிழில் எழுதினால் ‘நல்ல’ என்ற பொருள் தரும் சொல்லும் இப்படித்தான் இருக்கும். இங்கே நான் சொல்வது ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவம்.) பள்ளியில் ‘கேன்’ நிகழ்காலம், ‘குட்’ இறந்தகாலம் என்று படித்தோம். எனவே ‘நேற்று டிக்கெட் வாங்க முடிந்தது’ என்பதை ‘எஸ்டர்டே ஐ குட் கெட் எ டிக்கெட்’ என்று சொல்லிவிடுகிறோம். அங்கேதான் வில்லங்கம்.

தமிழில் ‘முடிந்தது’ என்றால் காரியம் நடந்தேவிட்டது. ‘முடி’ என்ற வேரிலேயே நிறைவேறுதல் இருக்கிறது. ‘வாங்க முடிந்தது, ஆனால் வாங்கவில்லை’ என்று யாரும் பேசமாட்டார்கள். ‘குட்’ அப்படிப்பட்ட உறுதியைத் தராது. முன்பு அந்தத் திறமை பொதுவாக இருந்தது என்பதை மட்டும் சொல்லும். ‘வென் ஐ வாஸ் டென், ஐ குட் க்ளைம்ப் எனி ட்ரீ’ சரி, ஏனென்றால் அது எப்போதும் இருந்த திறமை. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு வேலையைச் செய்து முடித்ததைச் சொல்ல வேண்டுமென்றால் ‘வாஸ் ஏபிள் டு’ அல்லது ‘மேனேஜ்ட் டு’ வேண்டும். அடித்துப் பிடித்து வாங்கினோம் என்ற தொனி வர வேண்டுமா? ‘ஐ மேனேஜ்ட் டு கெட் எ டிக்கெட்’ என்பதே பொருத்தம்.

இது வெறும் இலக்கணப் பிடிவாதம் இல்லை. வேலைக்கான நேர்காணலில் ‘ஐ குட் ரெட்யூஸ் த காஸ்ட்’ என்று ஒருவர் சொன்னால், கேட்பவருக்கு ‘என்னால் செலவைக் குறைக்க இயலும்’ என்றுதான் படக்கூடும். உண்மையில் குறைத்துக் காட்டிய சாதனை அந்த ஒரு சொல்லில் காணாமல் போகும். நேரடியாக ‘ஐ ரெட்யூஸ்ட் த காஸ்ட்’ என்று சொல்லிவிட்டுப் போவது இன்னும் நல்லது.

இரண்டு விலக்குகள் உண்டு. எதிர்மறையில் கவலையே வேண்டாம்: ‘முடியவில்லை’ என்பதற்கு ‘குடன்ட்’ தாராளமாகப் போடலாம், ஒரே ஒரு முறை நடந்ததானாலும் சரி. அப்புறம், பார்ப்பது, கேட்பது, முகர்வது, நினைவுக்கு வருவது போன்ற வினைகளோடு ‘குட்’ இயல்பாக வரும்: ‘ஐ குட் ஸ்மெல் த காஃபி’.

‘தெரியும்’ இழுத்துவிடும் தவறு வேறு வகை. ‘எனக்கு நீச்சல் தெரியும்’ என்பதை அப்படியே ‘ஐ நோ ஸ்விம்மிங்’ என்கிறோம். ‘ஐ நோ தமிழ்’ சரிதான், மொழிக்கு அது பொருந்தும். கற்றுக்கொண்ட செயல் என்றால் ‘ஐ கேன் ஸ்விம்’ அல்லது ‘ஐ நோ ஹவ் டு ஸ்விம்’. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘கேன்’ என்ற சொல்லுக்கே பழைய ஆங்கிலத்தில் ‘அறிதல்’ என்றுதான் பொருள். ‘நோ’ என்பதும் அதற்குச் சொந்தக்காரச் சொல்தான். நாம் ‘தெரியும்’ என்று நினைப்பது வரலாற்றுப்படி சரி, அதற்கு எடுக்கும் சொல்தான் தப்பு. ‘ஓட்டத் தெரியாது’, கால் அடிபட்டதால் ‘ஓட்ட முடியாது’ என்று நாம் பிரித்துச் சொல்லும் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘கான்ட் டிரைவ்’ என்ற ஒன்றே போதும். இந்த விஷயத்தில் தமிழ்தான் நுணுக்கம்.

அலுவலக மின்னஞ்சல்களில் அடிக்கடி வருவது இது: ‘த ஃபைல் இஸ் நாட் ஏபிள் டு ஓபன்’. தமிழில் ‘ஃபைலைத் திறக்க முடியவில்லை’ என்கிறோம். ‘என்னால்’ என்பதைச் சொல்லாமலே விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது என்பதால் கைக்குக் கிடைத்த ஃபைலையே எழுவாயாக உட்கார வைத்துவிடுகிறோம். பாவம் ஃபைல், தன்னைத்தானே திறக்கத் திண்டாடுவது போல் ஆகிவிடுகிறது. ‘ஐ கான்ட் ஓபன் த ஃபைல்’ என்று எழுதுங்கள். கோளாறு ஃபைலில்தான் என்றால் ‘த ஃபைல் வோன்ட் ஓபன்’.

எழுத்தில் சரியாக இருந்தும் பேச்சில் கவிழ்க்கும் ஒன்றும் உண்டு. ‘ஐ கேன் கம்’ என்பதில் நாம் ‘கேன்’ மீது அழுத்தம் கொடுப்போம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அதை ‘கன்’ என்று விழுங்கிவிட்டு ‘கம்’ மீதுதான் அழுத்துவார்கள். அமெரிக்கர் வாயில் ‘கான்ட்’ என்பது ‘கேன்ட்’ ஆகிவிடும், அதன் கடைசி ‘ட்’ பெரும்பாலும் கேட்காது. ஆக, அழுத்திச் சொன்ன ‘கேன்’ அவர் காதில் ‘வர மாட்டேன்’ என்று விழ வாய்ப்புண்டு. போனில் சந்தேகமாக இருந்தால் ‘எஸ், ஐ கேன்’, ‘நோ, ஐ கேனாட்’ என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள்.