அரிய வெப்பமண்டலப் பனைகளை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது

எந்தப் பனை வேண்டும் என்று முடிவு செய்யுமுன் எந்த இடம் இருக்கிறது என்று பாருங்கள். பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவைச் சேர்ந்த லிகுவாலா கிராண்டிஸ் பனைக்குப் பாதி நிழலும் காற்று மறைப்பும் வேண்டும். பலத்த காற்றில் அதன் வட்ட ஓலை கிழிந்து நார்நாராகிவிடும். மடகாஸ்கரின் பிஸ்மார்க் பனைக்கு நேர்வெயில் வேண்டும். சிவந்த மட்டைக்காகவே வளர்க்கப்படும் சிர்டோஸ்டாக்கிஸ் ரெண்டா சதுப்புநிலத் தாவரம். தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைத்தாலும் தாங்கும். வேர் காய்ந்தால் ஓலை நுனியெல்லாம் கருகும். 10 டிகிரி செல்சியஸை நெருங்கும் குளிரும் அதற்கு ஆகாது.

விதையில்தான் பலருக்கும் பணம் வீணாகிறது. இந்த இனங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் உயிர் போய்விடும். அதனால் புதிதாகப் பறித்த விதையையே வாங்குங்கள். சதையை முழுக்கக் கழுவி எடுங்கள். சில இனங்களின் சதையில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் கை கடுமையாக அரிக்கும், கையுறை கட்டாயம். இரண்டு நாள் ஊறவிட்டு, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு ஈரமான தேங்காய் நார்த்தூளோடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். நார்த்தூளைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வரவேண்டும். அதற்கு மேல் ஈரமிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம், பையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முளைத்த நாற்றிலிருந்து விதையைப் பிய்க்கவும் கூடாது, அதிலிருந்துதான் உணவு போகிறது. பிஸ்மார்க் பனையின் முளை முதலில் ஆழமாகக் கீழே இறங்கும். வேரைக் கலைத்தால் பொறுக்காது. அதை ஆரம்பத்திலேயே 40 செ.மீ. ஆழத் தொட்டியில் விடுங்கள்.

தரையில் நடும்போது தொட்டியில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடவேண்டும். ஆழமாகப் புதைத்தால் வேருக்குக் காற்று கிடைக்காது. இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் புதிய ஓலை வெளுக்கும். மண்ணை மூடும் சருகு, மரத்தூள் போன்ற மூடாக்கை 5 முதல் 8 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, தண்டைத் தொடாமல் விலக்கி விடுங்கள். குருத்துக்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். நடுக்குருத்து இழுத்தால் கையோடு வந்தால் அது குருத்தழுகல். அழுகிய பகுதியைச் சுத்தம் செய்து தாமிரப் பூஞ்சைக்கொல்லியை உள்ளே ஊற்றுங்கள். ஒற்றைத் தண்டுப் பனைக்குப் பக்கக்கிளை விட வழியில்லை. தாமதித்தால் செடியே போகும்.

உரத்தில் தழைச்சத்தைவிடச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகம் இருக்கட்டும். மெதுவாகக் கரையும் 8-2-12 கலவை (தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்), 4 சதவீத மெக்னீசியத்தோடு, சதுர மீட்டருக்கு 75 கிராம் வீதம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். பொட்டாசியத்தை மட்டும் கொட்டினால் மெக்னீசியக் குறைபாடு வரும். பழைய ஓலைகளில் ஆரஞ்சு மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் பொட்டாசியம் போதவில்லை என்று பொருள். அசிங்கமாக இருக்கிறதே என்று அந்த ஓலைகளை வெட்டாதீர்கள்: பனை அவற்றிலிருந்துதான் பொட்டாசியத்தை உறிஞ்சிப் புதிய ஓலைக்குக் கொடுக்கிறது, வெட்டினால் குறைபாடு அடுத்த அடுக்குக்கு ஏறும். உரமிட்டாலும் அந்தப் புள்ளிகள் மறையாது. புதிய ஓலைகள் வந்து பழையவை தாமாக உதிரும்வரை, ஓராண்டுக்கு மேல் ஆனாலும், விட்டுவையுங்கள்.