போர்ட் இருக்கும் பக்கத்துக் கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காயம் ஆறுவதற்குள் நீச்சல் குளத்தில் இறங்குவது, தையல் காயும் முன்பே பளு தூக்குவது, காய்ச்சலோடு நடைப்பயிற்சிக்குக் கிளம்புவது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மருந்து ஏற்றுவதற்காக மார்பில் தோலுக்கடியில் கீமோ போர்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுக்கும் தாளிலேயே அவை இருக்கின்றன. அந்தத் தாளைப் படிக்கிற யாரும் அவற்றைச் செய்வதில்லை. தாளில் அரைகுறையாக இருப்பதாலோ, அடியோடு இல்லாததாலோ, எச்சரிக்கையும் ஒழுங்கும் உள்ளவர்களே செய்கிற தவறுகள் சில உண்டு. சிகிச்சை முடிந்த பிறகும் போர்ட்டை ஃபிளஷ் செய்துகொள்ள, அதாவது குழாய் அடைத்துக்கொள்ளாமல் அலசிவிட, போகும்போதெல்லாம், காத்திருக்கும் அறையில் புதிதாகப் போர்ட் வைத்தவர்களை நான் பார்க்கிறேன். பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும். ஒரு கை விலாவோடு ஒட்டியிருக்கும், அந்தப் பக்கத்துத் தோள் காதை நோக்கி ஏறியிருக்கும், தண்ணீர் பாட்டிலை மற்றக் கையால்தான் எடுப்பார்கள். நானும் அதே நாற்காலிகளில் அதே கோலத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தவள்தான்.

போர்ட் என்பது நாணயம் அளவிலான ஒரு சிறு கிண்ணம். அது டைட்டானியத்திலோ கெட்டியான பிளாஸ்டிக்கிலோ செய்யப்பட்டிருக்கும். மேலே ஊசி ஏற்றுவதற்கான தடித்த சிலிக்கோன் மூடியும், பக்கவாட்டில் மெல்லிய குழாயும் இருக்கும். கிண்ணம் காறையெலும்புக்குக் கீழே தோலுக்கடியில் அமர்ந்திருக்க, குழாய் கழுத்திலோ காறையெலும்பின் அடியிலோ ஓடும் பெரிய சிரைக்குள் நுழைகிறது. அதன் நுனி இதயத்தின் வாயிலருகே நிற்கிறது. மார்பிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டிருந்த பழைய குழாய்களோடு குளிப்பதும் நடமாடுவதும் பெரும்பாடாக இருந்ததால்தான் 1980களின் தொடக்கத்தில் இந்த அமைப்பு புழக்கத்துக்கு வந்தது. ஊசி ஏற்றாத நாட்களில் உடலுக்கு வெளியே எதுவும் இல்லை. தோல் மூடியே இருக்கிறது. இதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

கையைக் காப்பாற்றுவதாக நினைத்து அதைக் கட்டிப்போடுவது

எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது இடது மார்பில். ஆகவே போர்ட்டை வலப்பக்கம் வைத்தார்கள். பொதுவாக மறுபக்கம்தான் வைப்பார்கள். இடது கையைத் தேடி அறுவைச் சிகிச்சைக்கு மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வந்துவிட்டார். சுவரில் விரல்களை எறும்பு ஊர்வதுபோல் ஏற்றச் சொன்னார், எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொன்னார், ஒவ்வொரு வாரமும் கோடு உயர்ந்திருக்கிறதா என்று கேட்டார். வலது கைக்கு எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்: "அந்தக் கையைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்." எத்தனை நாளைக்கு என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வாக்கியத்தை இருபது வாரங்கள் கடைப்பிடித்தேன்.

நான் சோம்பேறியாக இருந்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தினமும் நடந்தேன், கீமோ ஏறிய மூன்றாம் நாள்கூட வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்தேன். ஆனால் நடக்கும்போது வலது கை வீசாது. தலையை இடது கையால் வாரினேன்; முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைகளை மட்டும் அணிந்தேன்; இரவில் வலது முழங்கைக்குக் கீழே தலையணையை முட்டுக்கொடுத்துத் தூங்கினேன். கழுத்தைத் திருப்பும்போது காறையெலும்பின் மேல் ஒரு நூல் இழுபடுவதுபோல் இருக்கும். தோலுக்கடியில் குழாய் போகும் பாதையில் ஆரம்பத்தில் பலருக்கும் இந்த இழுப்பு இருக்கும். கையை இன்னும் கொஞ்சம் தூக்கினால் குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். குழாய் இழுபடாதபடி அசைவுக்கு இடம்விட்டே வைக்கப்படுகிறது என்பதும், கிண்ணத்தைச் சுற்றிச் சில வாரங்களில் உடலே ஒரு நார்த்திசு உறையைக் கட்டி அதை இருந்த இடத்தில் பிடித்துக்கொள்கிறது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

கதிர்வீச்சுக்கு முன்னால் அளவெடுக்கும் நாள் வந்தது. மேசையில் மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி அங்கிருக்கும் தாங்கிகளில் வைக்க வேண்டும். அந்த நிலையில்தான் ஸ்கேன் எடுப்பார்கள், பிறகு தினமும் அதே நிலையில்தான் சிகிச்சை. இடது கை போய்த் தாங்கியில் உட்கார்ந்தது. வலது கை தோள் மட்டத்துக்குச் சற்று மேலே ஏறி நின்றுவிட்டது. டெக்னீஷியன் முழங்கையைப் பிடித்து மெல்ல உயர்த்தப் பார்த்தார், நான் கத்திவிட்டேன். "ஆபரேஷன் செய்த கைதானே?" என்று அவர் கேட்டார். இல்லை, இது நல்ல கை என்றேன். அவர் கோப்பைத் திறந்து மறுபடியும் பார்த்தார்.

எனக்கு வந்திருந்தது எல்லோரும் ஃப்ரோசன் ஷோல்டர் என்று சொல்லும் தோள்பட்டை இறுக்கம். தோள்மூட்டைச் சுற்றியிருக்கும் உறை, நீண்ட நாள் அசைவில்லாமல் கிடந்தால் தடித்துச் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் எளிதாக வரும். முதலில் வலி வரும், பிறகு இறுக்கம் வரும், அது தளர்வதற்கு மாதங்கள் ஆகும். சிலருக்கு ஆண்டுகளே ஆகிவிடும். என்னுடைய கதிர்வீச்சு மூன்று வாரம் தள்ளிப்போனது. அந்த மூன்று வாரமும் காலையும் மாலையும் பிசியோதெரபி, நடுநடுவே வலி மாத்திரை. புற்றுநோய்க்கான சிகிச்சை ஒன்று, புற்றுநோயோடு தொடர்பே இல்லாத ஒரு மூட்டுக்காகக் காத்திருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒரு வாக்கியத்தோடு அனுப்பியவர்கள்மேல் பாதி எரிச்சல். ஒரு கேள்வி கேட்காத என்மேல் மீதி.

எனவே 'ஜாக்கிரதை' என்று யார் சொன்னாலும் அதை எண்ணாக மாற்றித் தரச் சொல்லுங்கள். எத்தனை நாள், எத்தனை கிலோ, எந்த உயரம் வரை? பெரும்பாலும் கிடைக்கும் பதில், முதல் ஒன்றிரண்டு வாரங்களுக்குச் சுமார் 5 கிலோவுக்கு மேல் அந்தக் கையால் தூக்கவோ தள்ளவோ இழுக்கவோ வேண்டாம் என்பதாக இருக்கும். அது பளுவுக்கான தடை மட்டுமே. தலை வாருவது, முகம் கழுவுவது, சட்டை போடுவது, விரல்களையும் மணிக்கட்டையும் முழங்கையையும் மடக்கி நீட்டுவது ஆகியவை முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும். காயம் ஆறிவிட்டது என்று மருத்துவர் பார்த்துச் சொன்னதும், குனிந்து நின்று கையை ஊசல்போல் ஆடவிடுவது, மேசைமேல் துணியை வைத்து உள்ளங்கையால் முன்னோக்கித் தள்ளிச் செல்வது, சுவரில் விரல்களை ஏற்றுவது என்று வரிசையாகப் போகலாம். இரண்டு கைகளுக்கும் இரண்டு பென்சில் கோடுகள் போடுங்கள். ஒரு கோடு பின்தங்கினால் அடுத்த வருகையிலேயே சொல்லிவிடலாம். என்னைப் போல மேசையில் படுத்துக்கொண்டு கண்டுபிடிக்க வேண்டியிருக்காது. உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. முழங்கையை விலாவில் ஒட்டி வைத்துக்கொண்டு முன்னங்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் முதலில் எட்டிப் பார்ப்பது அந்த அசைவில்தான்.

போன மாதம் ஒரு பெண்மணி, போர்ட் வைத்து ஆறு வாரம் ஆகியும் கைக்குட்டையால் தொட்டில் கட்டிக் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தார். யார் கட்டச் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம், அப்படி இருந்தால் பத்திரமாகத் தோன்றுகிறதாம். மேலே சொன்னது முழுவதையும் அவரிடம் நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தேன்.

வீக்கத்தைத் தசைவலி என்று தள்ளிவிடுவது

இது முந்தையதற்கு நேர் எதிரான தவறு. உற்சாகமாகப் பயிற்சி செய்பவர்களுக்கே உரியது. சிரைக்குள் ஒரு குழாய் இருக்கும்வரை அதைச் சுற்றி ரத்தம் உறைய வாய்ப்பு உண்டு. புற்றுநோயும் அதன் மருந்துகளில் சிலவும் அந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன. எங்களோடு நடக்க வரும் ஒருவர், அரைக்கிலோ டம்பெல் தூக்க ஆரம்பித்த வாரத்தில் கை கனக்கிறது என்றார். புதுப் பயிற்சி, அப்படித்தான் இருக்கும் என்று நாங்களும் தலையாட்டினோம். நான்காம் நாள் அவருடைய கடிகாரப் பட்டை வழக்கமான துளையில் மாட்டவில்லை. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்கட்டு தெரிந்தது.

பயிற்சியால் வரும் தசைவலி இரண்டு மூன்று நாட்களில் தணியும். பெரும்பாலும் வேலை கொடுத்த தசைகளில் மட்டும் இருக்கும். போர்ட் பக்கத்துக் கையோ கழுத்தோ முகமோ வீங்குவது, கை நீலம் பாய்வது, தோளிலும் மார்பின் மேற்புறத்திலும் இதுவரை இல்லாத சிரைகள் புடைத்துத் தெரிவது ஆகியவை அந்தக் கணக்கில் சேராது. அன்றே போய்க் காட்ட வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

குழாய் எந்தச் சிரையில் போகிறது என்று கேட்காமலே பளு தூக்குவது

போர்ட்டோடு ஓர் அடையாள அட்டை கொடுப்பார்கள். அது பெரும்பாலும் ஏதோ ஓர் உறைக்குள் தூங்கும். அட்டையையும் அறுவைக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு போய், குழாய் கழுத்துச் சிரை வழியாகப் போகிறதா, காறையெலும்பின் அடியில் உள்ள சிரை வழியாகப் போகிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இரண்டாவது வகையில், குழாய் எங்கே நுழைகிறது என்பதைப் பொறுத்து, அது காறையெலும்புக்கும் முதல் விலாவெலும்புக்கும் நடுவே நசுங்கலாம்; திரும்பத் திரும்ப நசுங்கி நாளடைவில் முறிவதும் அரிதாக நடக்கும். அதற்கு ஓர் அறிகுறி உண்டு: கையைத் தூக்கினால் மருந்து தடையின்றி இறங்கும், கையைத் தாழ்த்தினால் நின்றுவிடும். செவிலியர் "கையைக் கொஞ்சம் தூக்குங்கள்" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தால், அதை அவருடைய வழக்கம் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஓர் எக்ஸ்ரேயில் நிலவரம் தெரிந்துவிடும். கம்பியில் தொங்கி உடலைத் தூக்குவது, தலைக்கு மேல் கனமான பளுவை உயர்த்துவது, தண்டால் எடுப்பது ஆகியவற்றுக்கு முன்னால் இந்தப் பதில் கையில் இருக்க வேண்டும். கையை வெறுமனே உயர்த்துவதற்கு இந்தத் தயக்கம் வேண்டியதில்லை. மேலே சொன்ன இறுக்கத்தை மறுபடியும் வரவழைத்துக்கொள்ளாதீர்கள்.

ரத்த எண்ணிக்கை பாராமல் நாட்காட்டியை மட்டும் பார்ப்பது

2019-ல் வெளியான அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதல், புற்றுநோயிலிருந்து மீள்பவர்களுக்கு வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் மிதமான நடை போன்ற பயிற்சியையும், வாரம் 2 முறை தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. நல்ல இலக்குதான். ஆனால் அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்து எல்லா வாரத்தையும் ஒரே வாரமாக நடத்த முடியாது. பல மருந்துகளில், கீமோ ஏறிய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் தாழ்ந்திருக்கும். அந்த நாட்களில் பலர் வியர்த்துத் தொட்ட ஜிம் கருவிகளை விட்டுவிட்டுத் திறந்த வெளியில் தனியாக நடக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 50,000-க்குக் கீழே போனால், பளுப் பயிற்சியைத் தொடரலாமா என்று மருத்துவரைக் கேட்காமல் தொடர வேண்டாம். உடற்சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பயிற்சி பற்றிய பேச்சுக்கே இடமில்லை, மருத்துவமனைக்குத்தான். போர்ட்டே தொற்றின் வாசலாக இருக்கலாம் என்பதால், ஃபிளஷ் செய்த சில மணி நேரத்தில் வரும் குளிரும் நடுக்கமும் இன்னும் அவசரமானவை. உள்ளங்கால் மரத்துப்போகும் மருந்து ஏறுகிறவர்கள் டிரெட்மில்லை ஒத்திப்போட்டுவிட்டுச் சமதரையில் நடப்பது நல்லது.

ஊசி ஏறியிருக்கும்போது பயிற்சி

நடக்கலாம், இடுப்பில் மருந்து ஏற்றும் பம்ப்பை மாட்டி அனுப்பியிருந்தாலும் நடக்கலாம். நீச்சல், வியர்த்துக் கொட்டும் பயிற்சி, அந்தக் கைக்கு வேலை வைக்கும் எதுவும் கூடாது.

பட்டைகள்

முதுகுப்பையின் பட்டை, குறுக்கே மாட்டும் பையின் பட்டை, உள்ளாடைப் பட்டை, காரின் சீட் பெல்ட் ஆகிய எல்லாமே சரியாகப் போர்ட் மேலேதான் வந்து உட்காரும். பையை மறுதோளுக்கு மாற்றுங்கள். சீட் பெல்ட்டுக்கு அடியில் மடித்த மென்துணியை வையுங்கள். உரசலைத் தவிர்க்க பெல்ட்டையே போடாமல் விடுகிறவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இல்லை.

போர்ட்டை விரலால் நகர்த்திப் பார்ப்பது

கிண்ணம் தோலுக்கடியிலேயே குப்புறக் கவிழ்ந்துவிடலாம். அப்புறம் ஊசி ஏறாது.

மோதல் விளையாட்டுகள்

போர்ட் இருக்கும்வரை வேண்டாம்.

தெம்பு வந்ததும் ஃபிளஷை மறப்பது

சிகிச்சை முடிந்து, மூச்சு வாங்காமல் படியேற முடிகிற காலத்தில்தான் இது நடக்கிறது. பயன்படுத்தாத போர்ட்டுக்கு ஏறத்தாழ 4 வாரத்துக்கு ஒருமுறை ஃபிளஷ் தேவை என்பது பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் 3 மாதம் வரை இடைவெளி விடுகிறார்கள். உங்கள் மருத்துவமனையின் கணக்கு எது என்று கேட்டு அதையே பின்பற்றுங்கள். குழாய் அடைத்துக்கொண்டால், அதைத் திறக்கும் மருந்தை ஏற்றிவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

போர்ட்டை எடுத்த அன்றே எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பது

எடுப்பதும் ஒரு சிறு அறுவைச் சிகிச்சைதான். பளுவுக்கான தடை மறுபடியும் ஒன்றிரண்டு வாரம் இருக்கும், கையை உயர்த்துவதற்கு அப்போதும் தடை இல்லை. எனக்கு அடுத்த மாதம் எடுக்கிறார்கள். எத்தனை நாள், எத்தனை கிலோ, எந்த உயரம் என்ற மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். சுவரில் வலது கையின் கோடு இடது கையின் கோட்டுக்கு இன்னும் நான்கு விரற்கடை கீழேதான் இருக்கிறது.