சிவப்பு லேபிள் ஒன்றே ஒன்று

2023 டிசம்பர் கடைசி வாரம். கடைகளுக்கான ரசீது மென்பொருளை சிங்கப்பூரின் பாய லேபாரில் ஒரு சிறு குழுவாகப் பராமரித்துவந்தோம். ஜனவரி 1 முதல் பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆகவிருந்தது. டிசம்பரில் விற்ற பொருளை ஜனவரியில் திருப்பிக் கொடுத்தால் பழைய 8 விழுக்காட்டில்தான் வரியைக் கழிக்க வேண்டும். எங்கள் மென்பொருள் 9 என்று கணக்கிடும். சக ஊழியர் ஒருவர் நவம்பரிலேயே இதைக் கண்டுபிடித்து, நிரலையும் அதிலுள்ள சிக்கல்களையும் (issues) குழுவாகப் பதிந்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் பதிந்து, 'அவசரம்' என்று லேபிளும் ஒட்டியிருந்தார். அதே லேபிள் இன்னும் அறுபது சிக்கல்களில் இருந்தது. ஆண்டின் கடைசி இரவில்தான் அதைத் திருத்தினோம்.

அன்றிலிருந்து லேபிள்களை நான் இப்படித்தான் அமைக்கிறேன்.

ஒரு திட்டத்தின் நிரல் இருக்கும் இடமான களஞ்சியத்தைப் (repository) புதிதாகத் தொடங்கினால், அதற்கு கிட்ஹப் தானாகவே ஒன்பது லேபிள்களைத் தருகிறது. பிழை, மேம்பாடு, ஆவணம், கேள்வி என்று அவை சிக்கலின் தன்மையைச் சொல்லும். எதை முதலில் எடுப்பது என்று சொல்லாது. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முன்சொல் கொடுங்கள்: 'வகை: பிழை', 'பகுதி: ரசீது', 'முன்னுரிமை: 1'. குபர்னெட்டிஸ் போன்ற பெரிய மென்பொருள் திட்டங்களும் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன. பட்டியலில் ஓரினத்தவை அடுத்தடுத்து வந்து நிற்கும்.

முன்னுரிமைதான் கடினமான இடம். பாதிப்பு வேறு, முன்னுரிமை வேறு. தீபாவளிச் சலுகைப் பக்கத்தில் கடையின் பெயர் பிழையாக இருந்தால் பாதிப்பு சிறிது, ஆனால் இன்றே திருத்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் மட்டும் எடுக்கும் அறிக்கை அடியோடு முடங்கினாலும் அது அடுத்த மாதம் வரை காத்திருக்கலாம். சிங்கப்பூர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் நோயாளிகளை பி1 முதல் பி4 வரை பிரிக்கிறார்கள்; முன்னால் வந்தவர் என்பதற்காக யாரும் முன்னால் போவதில்லை. நானும் நான்கு நிலைகளே வைத்திருக்கிறேன். 1 என்றால் கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு இதை எடு. 2 இந்த வெளியீட்டில், 3 அடுத்ததில், 4 நேரம் கிடைக்கும்போது. இந்த அர்த்தத்தை லேபிளின் விளக்கப் பெட்டியிலேயே எழுதிவிடுங்கள். 1 என்பது ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. நான்காவது வந்தால் பழையதில் ஒன்றை இறக்குங்கள். சிவப்பு நிறம் 1க்கு மட்டுமே.

சிக்கலைப் பதிந்தவரே முன்னுரிமையை இடக்கூடாது. அவரவர் வலி அவரவருக்குப் பெரிது. திங்கட்கிழமை காலை இருபது நிமிடம், லேபிள் இல்லாதவற்றை மட்டும் வடிகட்டி, குழுவாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். விவரம் போதாதவற்றுக்கு 'விவரம் தேவை' என்று ஒட்டி, பதிந்தவரிடமே கேளுங்கள்.

பழைய லேபிள்களைச் சீரமைக்கும்போது அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். அழித்தால் எல்லாச் சிக்கல்களிலிருந்தும் அது நீங்கிவிடும். பெயரை மட்டும் மாற்றினால் ஒட்டிய இடத்திலேயே இருக்கும்.