இட்லியைக் கையில் கொடுங்கள்: ஆறு மாதக் குழந்தை தானே எடுத்துச் சாப்பிட ஒரு செய்முறை

எங்கள் பாப்பாவுக்கு இப்போது 14 மாதம். காலையில் எங்களோடு உட்கார்ந்து எங்கள் இட்லியைத் தானே பிய்த்துச் சாப்பிடுகிறாள். பாதி வாய்க்குப் போகும், கால்வாசி மடியில் கிடக்கும், மிச்சம் என் சட்டையில். மனைவி ஏழரைக்கே பள்ளிக்கூட வேலைக்குக் கிளம்பிவிடுவதால் காலைச் சாப்பாடு ஆரம்பத்திலிருந்தே என் பொறுப்பு. எனக்கு ஊட்ட வரவில்லை, அதனால்தான் இந்த வழிக்கே வந்தேன். கொள்கை எல்லாம் அப்புறம் படித்துச் சேர்த்துக்கொண்டது.

கூழாக மசித்து ஊட்டாமல், வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே பிடிக்கத் தோதான துண்டாக்கி முன்னால் வைத்துவிடுவது, எடுப்பதும் விடுவதும் குழந்தையின் இஷ்டம். விஷயம் இவ்வளவுதான். பேபி லெட் வீனிங் என்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த கில் ராப்ளி என்பவர் வழியாகப் பரவிய பெயர்.

படி 1: நாள் பார்ப்பது

ஆறு மாதம் முடிய வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் அதுவரை தாய்ப்பால் மட்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் காலண்டர் மட்டும் போதாது. பெரிதாகத் தாங்கல் இல்லாமல் உட்கார வேண்டும், தலை ஆடாமல் நிற்க வேண்டும், கையில் கிடைத்ததை வாய்க்குக் கொண்டுபோகத் தெரிய வேண்டும், வாயில் வைத்ததை நாக்கு உடனே வெளியே தள்ளக் கூடாது. எங்கள் பாப்பா ஆறு மாதம் முடிந்தும் பத்து நாள் சாய்ந்துகொண்டே இருந்தாள், காத்திருந்தோம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை சரியாக ஏறாத குழந்தை, விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

படி 2: உட்காரவைப்பது

நேராக. சாய்த்து அல்ல, படுக்கவைத்து அல்லவே அல்ல. காலில் போட்டுச் சங்கில் புகட்டிய கைகளுக்கு இது புரிய நாளாகும். பாலுக்குச் சரி, துண்டு உணவுக்குச் சாய்ந்த தொண்டை ஆபத்து.

குழந்தைக்கான உயர நாற்காலி இல்லையென்றால் தரையில் சம்மணம் போட்டு, உங்கள் மடியில் வெளிப்பக்கம் பார்க்க உட்காரவையுங்கள். நாங்கள் பழைய நாற்காலி ஒன்று வாங்கினோம். அதில் கால் தொங்கியது, ஐந்து நிமிடத்தில் நெளிய ஆரம்பித்தாள். பழைய தலையணையை இறுக்கிச் சுருட்டிக் கால் படும் உயரத்தில் கயிற்றால் கட்டிய பிறகு இருபது நிமிடம் இருந்தாள்.

இன்னொன்று: நல்ல பசியில் உட்காரவைக்காதீர்கள். இட்லியால் வயிறு நிறையும் என்று அவளுக்கு இன்னும் தெரியாது, பாலுக்குத்தான் அழுவாள். பால் குடித்து முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள்.

படி 3: துண்டு போடுவது

ஆறு மாதக் குழந்தை முழு உள்ளங்கையால்தான் பிடிக்கும். முஷ்டிக்குள் போனதை அதனால் சாப்பிட முடியாது, முஷ்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் கடிக்கும். ஆகவே சின்னதாக நறுக்காதீர்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நீளம், அதே தடிமன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்கவில்லையா, இன்னும் வேக வையுங்கள்.

நாங்கள் பரங்கிக்காயில் ஆரம்பித்தோம். சர்க்கரைவள்ளி, கேரட், உருளை எல்லாம் ஆவியில் வேகவைத்தவை. வாழைப்பழம் வழுக்கும், கழுவிவிட்டுத் தோலைப் பாதி மட்டும் உரித்து, மீதித் தோலைப் பிடியாக விட்டுவிடுங்கள். மாம்பழக் காலத்தில் சதையை வழித்துவிட்ட பெரிய கொட்டையைக் கொடுத்தால் அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். முட்டையை ஆம்லெட்டாக்கி, நன்றாக வேகவிட்டு, நீளவாக்கில் வெட்டலாம். எட்டு ஒன்பது மாதத்தில் விரல் நுனியால் பொறுக்க ஆரம்பிப்பாள், அப்போது பருக்கை அளவுக்கு இறங்கலாம்.

இட்லி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூடு ஆறிய புது இட்லி அருமையான முதல் உணவு. நேற்றைய இட்லி அப்படியில்லை. வறண்டுபோய் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நெய் தடவுங்கள், அல்லது உப்பில்லாத பருப்புத் தண்ணீரில் முக்கிக் கொடுங்கள்.

கொடுக்கவே கூடாதவை: முழு நிலக்கடலை, முந்திரி, சுண்டலில் வரும் முழுக் கொண்டைக்கடலை, தேங்காய்ச் சில்லு, வேகவைக்காத கேரட், வேகவைக்காத ஆப்பிள், முறுக்கு, பாப்கார்ன். திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காக நறுக்கித்தான். மீன், கறியில் முள்ளையும் சின்ன எலும்பையும் விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிடுங்கள். தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். பாட்யூலிசம் என்ற நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம். நம் வயிறு சமாளித்துவிடும், கைக்குழந்தையின் குடல் சமாளிக்காது. பிறந்தவுடன் தேனில் சேனை தொட்டுவைக்கும் வழக்கத்துக்கும் இதே பதில்தான். எங்கள் வீட்டில் இதற்காக ஒரு நாள் முழுக்கச் சண்டை நடந்தது.

படி 4: ஒரே அடுப்பு, உப்புக்கு முன்னால் ஒரு கரண்டி

பாப்பாவுக்குத் தனிச் சமையல் என்று ஆரம்பித்தால் பத்து நாளில் கைவிட்டுவிடுவீர்கள், நான் உத்தரவாதம் தருகிறேன். சமையல் ஒன்றுதான், உப்பும் மிளகாயும் விழும் முன் அவள் பங்கை எடுத்துவிட வேண்டும். ஒரு வயதுக்குள் நாளொன்றுக்கு 1 கிராமுக்கும் குறைவான உப்பு என்பது பிரிட்டனின் சுகாதாரத் துறை சொல்லும் அளவு. ஒரு டீஸ்பூன் உப்பு 5, 6 கிராம் இருக்கும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பாலில் வருவதே அவளுக்குப் பெரும்பாலும் போதும்.

சாம்பாரில் இது சுலபம். பருப்பு, மஞ்சள், காய் வெந்ததும் ஒரு கரண்டி தனியாக. பொரியலில் காய் வெந்ததும், உப்பும் தேங்காயும் போடும் முன். கறிக்குழம்பு என்றால் குக்கரில் வெறும் இஞ்சி, பூண்டு, மஞ்சளோடு உப்பு போடாமல் வேகவிட்டு, நன்றாக வெந்ததும் ஒரு துண்டை எடுத்துவிட்டு, பிறகு மசாலாவை ஆரம்பியுங்கள். சீரகம், மிளகுத் தூள் கொஞ்சம், பெருங்காயம், கொத்தமல்லி எல்லாம் கொடுக்கலாம். மணம் வேறு, காரம் வேறு. தாளித்த கடுகையும் கறிவேப்பிலையையும் மட்டும் தள்ளிவையுங்கள்.

நான் மாட்டிக்கொண்டது இட்லி மாவில்தான். மூன்று வாரம் கொடுத்த பிறகுதான் உறைத்தது: மாவைக் கரைக்கும்போதே என் அம்மா கல்லுப்பைப் போட்டுவிடுகிறார்! சாம்பாரில் உப்பைத் தவிர்த்து இட்லியில் ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். இப்போது அரைத்தவுடன், உப்பு விழும் முன், ஒரு டப்பா மாவு தனியாகப் போகிறது. உப்பில்லாத மாவு எங்கள் மதுரை வெயிலில் சீக்கிரமே புளித்துவிடும். பொங்கியவுடன் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளில் முடித்துவிடுங்கள்.

படி 5: ஓங்கரிப்பு (இதை அவசரப்படாமல் படியுங்கள்)

மூன்றாம் நாள். வேகவைத்த பீன்ஸ். கடித்தாள், துண்டு உள்ளே போனது. முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர், நாக்கை நீட்டி "ஆக்" என்றாள். நான் உறைந்துபோய் நின்றேன். அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்து வாய்க்குள் விரலை விட்டார். துண்டு இன்னும் உள்ளே நகர்ந்தது, குடித்த பால் முழுக்க வெளியே வந்தது. "ஏப்பா, பச்சப்புள்ளைக்குத் தொண்டையில சிக்கிக்கிட்டா என்னப்பா செய்வ?" என்று அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. நான்கு நாள் மறுபடி கஞ்சிக்கே போய்விட்டோம்.

பிறகு எங்கள் குழந்தை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நாம் எல்லாவற்றையும் "அடைச்சிருச்சு" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஓங்கரிப்பு என்பது துண்டு தொண்டைக்குப் போகும் முன்னரே நாக்கு அதை வெளியே தள்ளுவது. நமக்கு நாக்கின் பின்பக்கம் தொட்டால்தான் ஓங்கரிக்கும். ஆறு மாதக் குழந்தைக்கு அந்த இடம் நாக்கில் இன்னும் முன்னால் இருக்கிறது, அதனால் அடிக்கடி வரும். பார்க்கப் பயங்கரம், ஆனால் அது காவல். புரையேறுவது என்றால் தண்ணீரோ பருக்கையோ கொஞ்சம் வழிமாறிப்போய்ப் பலமாக இருமுவது. இருமட்டும், விடுங்கள். மூன்றாவதுதான் அடைப்பு: மூச்சு போகவில்லை. அதில் சத்தம் வராது, அழுகை வராது, இருமல் வலுவிழந்துபோகும், உதடு நீலம் பாரிக்கும்.

சத்தம் இருந்தால் காற்று போகிறது. நான் மனதில் வைத்திருக்கும் விதி இதுதான்.

அடுத்த முறை ஓங்கரித்தபோது அம்மாவின் கையை நான் பிடித்துக்கொண்டேன், மனதுக்குள் எண்ணினேன். ஏழு எண்ணுவதற்குள் துண்டு வெளியே வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

நியூஸிலாந்தில் 206 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. தானே எடுத்துச் சாப்பிட்டவர்கள் ஆறு மாதத்தில் அதிகம் ஓங்கரித்தார்கள், எட்டு மாதத்தில் மற்றவர்களைவிடக் குறைவாக. அடைப்பு ஏற்படுவதில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தப் பெற்றோருக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று முறையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். படி 3இன் பட்டியலை மீறிவிட்டு இந்த ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

உண்மையான அடைப்பு என்றால்: ஒருவர் 108ஐக் கூப்பிட வேண்டும். மற்றவர் குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு, வரவில்லையென்றால் மல்லாத்தி நெஞ்சின் நடுவே 5 அழுத்தம், மாறி மாறி. கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் விட்டுத் தேடக் கூடாது. இதைப் படித்தால் மட்டும் போதாது. பொம்மையை வைத்துச் செய்துகாட்டும் முதலுதவி வகுப்புக்கு ஒரு நாள் போய்வாருங்கள், தாத்தா பாட்டியையும் கூட்டிக்கொண்டு. அம்மா அங்கே போய்வந்த பிறகுதான் வீட்டில் பயம் தணிந்தது. சாப்பிடும்போது பெரியவர் ஒருவர் எதிரிலேயே இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு இருப்பது இருப்பதாகாது.

படி 6: எவ்வளவு?

முதல் மூன்று வாரம் கிட்டத்தட்ட ஒன்றுமே உள்ளே போகாது. நசுக்குவாள், தேய்ப்பாள், எறிவாள். பாலை அப்படியே தொடருங்கள். ஒரு வேளையில் ஆரம்பித்து, எட்டு மாதத்துக்குள் இரண்டு மூன்று வேளை. பசும்பாலை ஒரு வயதுக்குள் முக்கியப் பானமாக்க வேண்டாம்.

கவனம் வைக்க வேண்டியது இரும்புச்சத்து. பிறக்கும்போது கொண்டுவந்த இருப்பு ஆறு மாத வாக்கில் குறைய ஆரம்பிக்கும், தாய்ப்பாலில் அது குறைவு. காய்த் துண்டுகள் மட்டும் சப்பிக்கொண்டிருந்தால் போதாது. தினமும் முட்டை, கறி, பருப்பு, கீரை இவற்றில் ஒன்றாவது வைத்து, கூடவே தக்காளியோ எலுமிச்சையோ சேருங்கள், அவற்றில் உள்ள வைட்டமின் சி உறிஞ்ச உதவும். கீரையைப் பருப்பு சாதத்தோடு பிசைந்து, நெய் விட்டு, நீள உருண்டையாக்கி வைத்தேன், பிடிக்க எளிது.

பேபி லெட் வீனிங் தீவிரவாதிகள் கோபித்துக்கொள்வார்கள், நாங்கள் ராத்திரியில் ராகிக் கஞ்சியை ஸ்பூனில்தான் கொடுத்தோம். ஸ்பூனில் எடுத்துக் கையில் கொடுத்தால் அவளே வாயில் வைத்துக்கொண்டாள். ராத்திரி எட்டு மணிக்குச் சுவரெல்லாம் பரங்கிக்காயைத் துடைக்க எனக்குத் தெம்பில்லை.

சாமான்கள்

உறிஞ்சி ஒட்டும் சிலிக்கோன் தட்டு வாங்காதீர்கள், இரண்டாம் நாளே பிடுங்கிவிட்டாள். முதல் மாதம் தட்டே தேவையில்லை, துடைத்த பலகை போதும். ஆசைக்கு வாழை இலை போட்டேன், இலையைக் கிழித்துத் தின்னப் பார்த்தாள். தண்ணீருக்கு மூக்கு வைத்த சிப்பர் வேண்டாம், சின்ன எவர்சில்வர் டம்ளரில் இரண்டு வாய்த் தண்ணீர். கீழே விரிக்கப் பழைய வேட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. விழுந்ததை மறுபடி எடுத்துக் கொடுக்கலாம், அப்படியே சுருட்டி உதறலாம்.

பிறகு சேர்த்தவை

ஒரு வாசகி முருங்கைக்காயைக் கையில் கொடுத்திருக்கிறார், நார் உரிந்து தொண்டை வரை போய்விட்டதாம். நான் எழுதாமல் விட்டது தவறு. முருங்கைக்காய் என்றால் சதையை வழித்துச் சோற்றில் பிசைந்துதான். இடியாப்பமும் நீள இழையாக வேண்டாம், வெட்டிவிடுங்கள்.

முட்டையும் கடலையும் எப்போது என்று நான்கு பேர் கேட்டிருந்தார்கள். தள்ளிப்போட வேண்டியதில்லை. கடலையை மட்டும் நைசாகப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுங்கள். புதியதைக் காலையில், கொஞ்சமாக, ஒரு நேரத்தில் ஒன்று. கடுமையான கரப்பான் (எக்ஸிமா எனும் தோல் நோய்) உள்ள குழந்தை என்றால் முதலில் மருத்துவர்.

மலத்தில் கறுப்பு நூல் போலச் சின்னப் புழுக்கள் என்று பதறி ஒருவர் எழுதியிருந்தார். முந்தின நாள் வாழைப்பழம் கொடுத்தீர்களா என்று கேட்டேன், ஆமாம் என்றார். அது வாழைப்பழ நார். பீட்ரூட் கொடுத்தால் சிவப்பாகப் போகும், அதற்கும் பதற வேண்டாம்.

நாற்காலியில் எறும்பு. இது எங்களுக்கும் நடந்தது. துணி வார் தைத்த மடிப்புக்குள் வாழைப்பழம் காய்ந்து கிடக்கும், மேலே துடைத்தால் போகாது. வாரத்துக்கு ஒரு முறை வாரைக் கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயப்போடுங்கள். கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டும்போது எந்த வார் எந்தத் துளை என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான்.