ரப்பர் யார் கையில் இருக்கிறது?

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுக் கதவு ராத்திரி ஒன்பது மணி வரை திறந்தே இருக்கும். போன வாரம் பால் வாங்கப் படியிறங்கியபோது உள்ளே பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் தரையில் நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அப்பா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், கையில் ரப்பர். அவள் ஒரு எழுத்து எழுதுகிறாள், அவர் அழிக்கிறார். மறுபடி எழுதுகிறாள், மறுபடி அழிக்கிறார். தாள் அந்த இடத்தில் கருத்து, மெலிந்து, கிழியப் பார்த்தது.

ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. ஹோம்வொர்க் விஷயத்தில் மகளிடம் செய்த தவறுகளை மகனிடம் செய்யக்கூடாது என்று பாடுபட்டுக்கொண்டிருக்கும்போது, புதிதாகப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் எல்லாரும் அதே குழியில் இறங்குவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. டிவியை அணைப்பது, கைபேசியைத் தள்ளி வைப்பது இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, நாம் செய்கிற மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ராத்திரி ஒன்பது மணிக்கு நோட்டைத் திறப்பது

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி நான் வீடு வந்து சேர எட்டு மணி ஆகிவிடும். அப்பா வந்துதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது தூங்கப் போகிற நேரம். தூக்கக் கலக்கத்தில் தெரிந்ததும் தெரியாமல் போகும், நமக்கும் பொறுமை இருக்காது. சாயங்காலம் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பாட்டிக்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை. “என்ன எழுதுறே, படிச்சுக் காட்டு” என்று கேட்கத் தெரிந்தால் சரி.

ரப்பரை நீங்கள் எடுப்பது

நான் செய்ததிலேயே பெரிய தவறு இதுதான். இன்னொருவர் செய்வதைப் பார்த்தால் இன்றைக்கும் மனசு பொறுப்பதில்லை.

மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு வந்தது. 52இல் 27 போனால் எவ்வளவு? 35 என்று எழுதினாள். 2இலிருந்து 7 போகாது, அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போட்டாள். அந்தப் பக்கம் 5இல் 2 போக 3. பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று முந்தின வருடம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். கவனக்குறைவு இல்லை அது, அவள் மனதில் ஒரு கணக்கு ஓடியிருக்கிறது. நான் அதைக் கேட்கவே இல்லை. 35ஐ அழித்துவிட்டு, “25 போடு” என்றேன். அடுத்தது 71இல் 38. 47 என்று போட்டாள். அழித்துவிட்டு, “33” என்றேன். பத்துக் கணக்கும் இப்படியே முடிந்தது. மறுநாள் நோட்டில் ஒரு ஸ்டார் வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஸ்டார் வந்துகொண்டே இருந்தது.

அப்புறம் வகுப்பில் டெஸ்ட் வைத்தார்கள். பத்துக்கு இரண்டு. அந்த இரண்டும் கடன் வாங்கத் தேவையில்லாத கணக்குகள்.

பேரண்ட்ஸ் மீட்டிங்கில் மிஸ் டெஸ்ட் பேப்பரையும் ஹோம்வொர்க் நோட்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ஹோம்வொர்க்கில் ஒரு தப்புகூட இல்லையே சார். நன்றாக வருகிறது என்று நினைத்து அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்” என்றார். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி நிற்கிறது என்று அவர் பார்த்துக்கொள்ளத்தான் அந்த நோட்டு போய்வருகிறது. 35ஐ அழித்தபோது அவருக்குப் போக வேண்டிய சேதியையும் சேர்த்து அழித்திருக்கிறேன்.

அன்று ராத்திரி தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டினேன். ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. “இதிலிருந்து ஏழு குச்சி கொடு” என்றேன். இரண்டு உதிரியையும் கொடுத்தாள். என் கையைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள். பிறகு தானே ஒரு கட்டின் நூலை அவிழ்த்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் இன்னொரு சேதம் அவ்வளவு சீக்கிரம் சரியாகவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் பென்சிலைத் தூக்கி, “அப்பா, சரியா?” என்று என் முகத்தைப் பார்க்கப் பழகியிருந்தாள். டெஸ்டில் பார்க்க முகம் இல்லை. தெரிந்த பதிலைக்கூட எழுதாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று மிஸ் சொன்னார். அந்தப் பழக்கம் போக மூன்றாம் வகுப்பு முழுக்க ஆனது.

இப்போது ரப்பர் மகனுடைய பென்சில் பாக்ஸில் இருக்கிறது. அவனுக்குத் தோன்றினால் அவன் அழிப்பான், நான் தொடமாட்டேன். தப்பாக இருந்தால், “இது எப்படிப் போட்டே?” என்று மட்டும் கேட்பேன். பாதி தடவை சொல்லிக்கொண்டு வரும்போதே அவனுக்குப் பிடிபட்டுவிடும். இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால், அங்கே ஒரு கோடு போட்டு, “இதுவரை தானாகச் செய்தான், கழித்தல் புரியவில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். முதல் தடவை என் மனைவி, “மிஸ் என்ன நினைப்பாங்க?” என்று தயங்கினாள். மறுநாள் மிஸ் அவனோடு இன்னும் நாலு பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்து அதே பாடத்தைத் திரும்ப நடத்தியிருந்தார்.

கோணல் எழுத்துக்கும் இதேதான். அழிக்காதீர்கள். பக்கம் முடிந்ததும் அதிலேயே நன்றாக வந்த எழுத்து எது என்று பிள்ளையையே வட்டம் போடச் சொல்லுங்கள்.

கன்னடத்தைத் தமிழில் எழுதிக் கொடுப்பது

2015இல் வந்த கன்னட மொழி கற்றல் சட்டத்துக்குப் பிறகு, சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளி என்றாலும் இங்கே கன்னடம் உண்டு. நல்லதுதான், இந்த ஊரில் வாழ்கிற பிள்ளைகள் இந்த ஊர் மொழியைப் படிக்கட்டும். நமக்குப் படிக்க வராததால், பிள்ளை படிப்பதற்கு வார்த்தைக்குக் கீழே தமிழில் எழுதிக் கொடுக்கிறோம். அங்கேதான் தப்பு. நமக்கு ஒரு க. அவர்களுக்கு அந்த வரிசையில் நான்கு. தாமரைக்கு ‘கமல’, கடிகாரத்துக்கு ‘கடியார’ என்று தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே க. கன்னடத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து. உக்தலேகனம் என்கிற டிக்டேஷனில் மகள் கடிகாரத்துக்குத் தாமரையின் எழுத்தைப் போட்டுவிட்டு வந்தாள். இப்போது எதிர்வீட்டு அஜ்ஜி (கன்னடப் பாட்டி) வாரம் இரண்டு நாள் வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுத்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

பிராஜெக்ட்

தெர்மோகோலை நீங்கள் வெட்டாதீர்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஹோம்வொர்க் கேட்பது

டைரியில் எழுதிவருவது பிள்ளையின் வேலை. மறந்து வந்தால் ஒருநாள் மறந்ததாகவே போகட்டும்.

டியூஷன்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வேண்டாம்.

பள்ளியிடம் கேட்காமல் இருப்பது

மாடிப்படியில் நின்று எல்லாரும் புலம்புகிறோம், பள்ளியில் போய் யாரும் பேசுவதில்லை. நானும் மகள் விஷயத்தில் அப்படியே இரண்டு வருடத்தை ஓட்டினேன். பேசுவதற்குப் பிடி நிறையவே இருக்கிறது. 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த நவம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அதையே எழுதியது. அந்த வகுப்புகளுக்குப் பை 1.5 கிலோவைத் தாண்டக்கூடாது என்றும் சொன்னது. 2020இல் வந்த பள்ளிப் பை கொள்கை இன்னும் தெளிவு: இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே இல்லை, மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். தினமும் இல்லை, வாரத்துக்கு. சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் நேற்று சாயங்காலம் என்ன விளையாடினாய், என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் பேசவிடச் சொல்கிறது. மைசூரில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் 1989இல் மாநிலங்களவையில் பேசியதே பிள்ளைகள் சுமக்கும் இந்த மூட்டையைப் பற்றித்தான். அத்தனை வருடமாகச் சொல்லியும் பை கனக்கிறது.

ஆனால் இதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். மிஸ்ஸின் நிலைமையும் லேசானதில்லை. ஹோம்வொர்க் கொடுக்காவிட்டால் பள்ளி சரியில்லை என்று கேட்கிற பெற்றோரும் நம்மில்தான் இருக்கிறார்கள். நான் இரண்டு வாரம் மகன் எத்தனை மணிக்கு ஆரம்பித்தான், எத்தனை மணிக்கு முடித்தான் என்று ஒரு தாளில் குறித்தேன். பெரும்பாலான நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒருநாள் 85 நிமிடம், நான்கு பக்கம். தாளை அப்படியே மிஸ்ஸிடம் கொடுத்தேன். அவர் நிமிடக் கணக்கை இரண்டு தடவை படித்துவிட்டு, “இவ்வளவு நேரம் ஆகிறது என்று யாருமே சொன்னதில்லை” என்றார்.

மறுவாரத்திலிருந்து நான்கு பக்கம் ஒரு பக்கமானது. கன்னட உக்தலேகனம் மட்டும் இன்னும் தினமும் இருபது வார்த்தை. அதற்கும் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை மீட்டிங்.