காரில் சுழல் கீறல்கள்: வீட்டிலேயே ரப்பிங், பாலிஷ் செய்யும் முறை

கறுப்பு, அடர்நீலம், அடர்சிவப்பு எனக் கருமையான நிறத்தில் ஒரு காரை மதிய வெயிலில் நிறுத்தி, பானெட்டில் சூரியன் மின்னும் இடத்தைப் பாருங்கள். அந்த வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் நுண்ணிய கோடுகள் தெரியும். அவைதான் சுழல் கீறல்கள். உண்மையில் அவை எல்லாத் திசையிலும் ஓடும் கீறல்கள். அவற்றில் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் இருப்பவை மட்டும் பளிச்சிடுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகரும்.

இவற்றை உண்டாக்குவது பெரும்பாலும் காலையில் வண்டி துடைக்கும் பழக்கம்தான். ஒரு வாளித் தண்ணீர், ஒரே துணி, அதே துணியால் சக்கரமும் பானெட்டும். தெருப்புழுதியில் இருக்கும் மணல் துகள் பெயின்டைவிடக் கடினமானது. துணியில் ஒட்டிக்கொண்ட துகள் ஒவ்வொரு இழுப்பிலும் ஒரு கோடு போடுகிறது.

அந்தக் கோடு எவ்வளவு ஆழம் என்பதை வைத்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். தகரத்தின் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோல் கிளியர் கோட். தொழிற்சாலையிலிருந்து வரும் கார்களில் இந்தக் கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான்; தலைமுடியைவிட மெல்லியது. பாலிஷ் செய்யும்போது கீறலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து இறக்குகிறோம். இறக்கியது திரும்ப வராது. ரொம்பவும் மெலிந்தால் சில வருட வெயிலில் வெளுத்து, தோல் உரிவதுபோல் உரியும். ஆகவே கீறல் போகும் அளவுக்கு மட்டும், கிடைப்பதிலேயே மென்மையான பேடும் (மெஷினில் மாட்டும் ஃபோம் வட்டு) மென்மையான காம்பவுண்டும் (நுண்துகள் கலந்த தேய்ப்புப் பசை) வைத்துத் தொடங்குவதுதான் இந்த வேலையின் அடிப்படை விதி.

எது போகும், எது போகாது

கீறலுக்குக் குறுக்காக விரல் நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் மாட்டினால் பாலிஷால் முழுதாகப் போகாது. விளிம்பு மழுங்கிக் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். அடுத்து, அதே இடத்தில் தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது, தைரியமாக இறங்கலாம். உள்ளே வெள்ளையோ சாம்பலோ தகரமோ தெரிந்தால் அது டச்சப் வேலை, அதாவது அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் வைத்து நிரப்புவது.

லோக்கல் பட்டறையில் மறுபடி பெயின்ட் அடித்த பகுதி, பழைய வண்டி என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. கண்ணில் படாத மூலையில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் இறங்கினால் அதில் கிளியர் கோட்டே இல்லை. பழகும்வரை அந்தப் பகுதியைத் தொடாதீர்கள்.

வாங்க வேண்டியவை

முக்கியமானது டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர். சுழன்றுகொண்டே ஊசலாடும் வகை இது. ஓர் இடத்தில் அதிகம் அழுத்தினால் சுழற்சி தானாகவே குறைந்துவிடும். அதனால்தான் புதியவர் கையில் கொடுக்கலாம். ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி வகை வேகமாக வெட்டும், அதே வேகத்தில் பெயின்டைச் சுடவும் செய்யும். ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஆங்கிள் கிரைண்டரில் பஞ்சுப் பேட் மாட்டும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுழல்வது. பெயின்ட் சில நொடிகளில் போய்விடும்.

பேடை ஒட்டும் தட்டான 5 அங்குல பேக்கிங் பிளேட், அதற்கு 5.5 அங்குல ஃபோம் பேடுகள்: நடுத்தர பாலிஷிங் பேட் 3, மென்மையான ஃபினிஷிங் பேட் 2, கடினமான கட்டிங் பேட் 1. பேடின் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு கம்பெனிக்கு ஆரஞ்சு என்பது இன்னொரு கம்பெனிக்கு மஞ்சள். காம்பவுண்ட் 250 மில்லி, அதைவிட நுண்ணிய ஃபினிஷிங் பாலிஷ் 250 மில்லி ஒரு செடானுக்குத் தாராளம். களிமண்போல் பிசையும் கிளே பார் 100 கிராம், லேபிளைக் கத்தரித்த மைக்ரோஃபைபர் துணி 10, பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப், நல்ல எல்.இ.டி. டார்ச். டார்ச்சை அலட்சியமாக விடாதீர்கள். ட்யூப் லைட்டின் பரந்த வெளிச்சத்தில் கீறல் தெரியாது. ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம்தான் காட்டிக்கொடுக்கும். வெள்ளைக் காரில் டார்ச் இல்லாமல் ஒன்றுமே தெரியாது.

முதல் நாள்: கழுவுதல், கிளே, டேப்

நிழலில், பானெட் ஆறிய பிறகு தொடங்குங்கள். முதலில் வெறும் தண்ணீரை அடித்துப் புழுதியை இறக்கிவிட்டு, பிறகு மேலிருந்து கீழாக ஷாம்பூ. வேக்ஸ் கலக்காத ஷாம்பூவாக இருக்கட்டும். போர் தண்ணீர் என்றால் ஒவ்வொரு பக்கமும் கழுவியவுடன் துடைத்துவிடுங்கள். உப்புக்கறை காய்ந்தால் அது தனி வேலை.

கழுவிய பெயின்ட் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கைமேல் போட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது கழுவினாலும் போகாத இரும்புத் துகள், தார், மரப்பிசின். இதன் மேல் பேடை ஓட்டினால் அந்தத் துகளே புதுக் கீறல் போடும். கிளேயை நான்காகப் பிரித்து ஒரு துண்டைத் தட்டையாகப் பிசையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மில்லி ஷாம்பூ கலந்து தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் தேயுங்கள். சரசரப்பு நின்று வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது. கிளே கீழே விழுந்தால் எடுத்துப் பிசையாதீர்கள், குப்பையில் போடுங்கள். இதற்காகத்தான் நான்காகப் பிரித்தது.

உலர்ந்ததும் கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் பீடிங், எம்பளம், கதவுக் கைப்பிடி எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள். சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் பட்டால் வெள்ளையாகப் படிந்து எளிதில் போகாது. பானெட் விளிம்பு, கதவின் மடிப்புக் கோடு ஆகியவற்றின் மேலும் ஒரு டேப் போடுங்கள். கூரான மடிப்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். பேடின் முழு அழுத்தமும் அந்தக் கோட்டிலேயே விழும். பெயின்ட் அடிவரை போய்விடும் விபத்துகள் அதிகம் நடப்பது இங்கேதான்.

இரண்டாம் நாள்: சோதனைச் சதுரம்

பானெட்டில் 40 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி முழுவதற்குமான முடிவு இந்தச் சதுரத்தில்தான் எடுக்கப்படுகிறது. முதலில் ஃபினிஷிங் பேடும் ஃபினிஷிங் பாலிஷும். போதவில்லையா? அதே பாலிஷோடு நடுத்தர பேட். அதுவும் போதவில்லை என்றால் காம்பவுண்டுக்குப் போங்கள். கட்டிங் பேடைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலான சுழல் கீறல்களுக்கு அது தேவைப்படாது.

மெஷினை ஓட்டும் முறை:

1. புதுப் பேடில் பாலிஷையோ காம்பவுண்டையோ மெல்லியதாகத் தடவி முகம் முழுதும் ஈரப்படுத்துங்கள். அதன்மேல் பட்டாணி அளவில் 4 சொட்டு. அடுத்த சதுரங்களுக்கு 3 சொட்டு போதும்.

2. மெஷின் அணைந்திருக்கும்போதே பேடைப் பெயின்டில் வைத்து ஒற்றி எடுங்கள். பிறகு வேகம் 1-இல் சதுரம் முழுதும் பரப்புங்கள். காற்றில் பிடித்து ஆன் செய்தால் காம்பவுண்ட் உங்கள் சட்டையிலும் சுவரிலும் இருக்கும்.

3. வேகத்தை 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். நொடிக்கு 4 அல்லது 5 சென்டிமீட்டர்தான் நகர வேண்டும். ஒவ்வொரு கோடும் முந்தைய கோட்டின் பாதியை மூட வேண்டும். குறுக்காக ஒரு முறை, நெடுக்காக ஒரு முறை, மீண்டும் அதேபோல். மொத்தம் 4 சுற்று. ஒரு சதுரத்துக்கு இரண்டரை, மூன்று நிமிடம் ஆகும்.

4. மெஷினின் எடையோடு கையின் லேசான அழுத்தம் போதும். பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு மெதுவாகச் சுற்றுவது தெரிந்தால் பேட் வேலை செய்கிறது. நின்றுவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

5. துணியால் துடைத்து, டார்ச்சைப் பல கோணங்களில் பிடித்துப் பாருங்கள்.

பார்க்கும் முன் ஒரு வேலை. காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்துவிடும்; சர்வீஸ் கவுண்டரில் போடும் சில மலிவான பாலிஷ்கள் நான்கு வாஷில் பழையபடி ஆவதன் ரகசியம் இதுதான். ஐசோபிரப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு கலந்து தெளித்துத் துடையுங்கள். அதன் பிறகு தெரிவதுதான் உண்மை. கை சானிடைசரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும், அதுவும் ஒரு படலம்தான்.

எண்பது சதவீதம் போய் இரண்டு மூன்று ஆழமான கோடுகள் மிஞ்சினால் விட்டுவிடுங்கள். அந்த மூன்று கோட்டுக்காகப் பானெட் முழுவதும் கிளியர் கோட்டை இறக்குவது நஷ்டக் கணக்கு.

சதுரம் சரியாக வந்துவிட்டால் அதே பேட், அதே காம்பவுண்ட், அதே வேகத்தில் வண்டி முழுதும். ஒரு ஹேட்ச்பேக் பானெட்டுக்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள்; கை சோர்ந்தால் பேட் சாயும். பிளாஸ்டிக் பம்பரில் வேகத்தை ஒன்று குறையுங்கள். தகரம்போல் அது சூட்டைக் கடத்தாது. சூடு அந்த இடத்திலேயே தங்கிப் பெயின்டை இளக்கும். எங்கே ஓட்டினாலும் அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு தவறு.

ஏன் சரியாக வரவில்லை?

காம்பவுண்ட் பொடியாகப் பறக்கிறது என்றால் வெயிலில் செய்கிறீர்கள், அல்லது காய்ந்த பிறகும் ஓட்டுகிறீர்கள். கீறல் போய் பனிபோல் ஒரு மங்கல் நிற்கிறதா? பேட் கடினம், பெயின்ட் மென்மை. மென்மையான பேடோடு ஃபினிஷிங் பாலிஷ் இரண்டு மூன்று சுற்று போட்டால் தெளியும். முதல் இரண்டு கதவு நன்றாக வந்து மூன்றாவது வரவில்லை என்றால் பேடைப் பாருங்கள்: தேய்த்த பெயின்டும் பழைய காம்பவுண்டும் சேர்ந்து அடைத்திருக்கும். ஒவ்வொரு சதுரத்துக்குப் பிறகும் பேடை நைலான் பிரஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள், இரண்டு மூன்று பகுதிக்கு ஒருமுறை மாற்றுங்கள். நடுத்தர பேட் மூன்று வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

கதவுக் கைப்பிடிக்குள் இருக்கும் நகக்கீறல்களுக்கு மெஷின் நுழையாது. சிறிய ஃபோம் அப்ளிகேட்டரில் 2 சொட்டு காம்பவுண்ட் எடுத்து, விரலால் அழுத்தி 30, 40 முறை முன்னும் பின்னுமாகத் தேய்த்தால் போகும். கை பழக இதைவிட நல்ல இடம் இல்லை. பற்பசை வேண்டாம், அதன் துகள் காம்பவுண்டுபோல் சீராக இருக்காது.

எல்லாம் முடிந்ததும் ஆல்கஹால் கலவையால் இன்னொரு முறை துடைத்து, பாதுகாப்புப் படலமாகச் சீலன்டோ (செயற்கைப் பூச்சு) வேக்ஸோ மிக மெல்லியதாகப் பூசுங்கள். நம் ஊர் வெயிலில் வேக்ஸ் ஒன்றிரண்டு மாதம்தான் தாங்கும், சீலன்ட் அதைவிடக் கூடுதலாக. பூசிய அன்று இரவு வண்டி மழையில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி துடைக்க ஆள் வைத்திருந்தால் தினமும் கண்ணாடி, விளக்கு, நம்பர் பிளேட் மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லிவிடுங்கள். பாடி வேலை வாரம் ஒருமுறை: முதலில் தண்ணீர் அடித்துப் புழுதி இறக்குவது, பிறகு ஷாம்பூவுக்கு ஒரு வாளி, துணி அலச ஒரு வாளி. சக்கரத்துக்கு வேறு துணி, வேறு நிறத்தில்.