பழைய பண்ணை வீட்டின் வயதைக் கொட்டகையில் தேடுங்கள்

இங்கிலாந்துக் கிராமத்தில் பழைய பண்ணை வீட்டிலோ, வீடாக மாற்றிய அதன் கொட்டகையிலோ குடியிருக்கிறீர்களா? எப்போது கட்டியது என்று தெரிய வேண்டுமானால் வீட்டு முகப்பை நம்பாதீர்கள். கையில் காசு சேர்ந்ததும் பழைய மரச்சட்ட வீட்டுக்கு முன்னால் செங்கல் சுவர் எழுப்பிப் புது மோஸ்தர் ஜன்னல் வைப்பது 18ஆம் நூற்றாண்டில் சகஜம். கொட்டகைக்கு அப்படி யார் செலவு செய்வார்கள்? அதனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

எதிரெதிர்ச் சுவர்களில் உயரமான இரண்டு திறப்புகள், இப்போது கண்ணாடி போட்டிருப்பார்கள், அதுதான் கதிர் வண்டி நுழைந்த வாசல். இரண்டு கதவையும் திறந்துவிட்டு நடுவில் கதிரடித்து, குறுக்கே வீசும் காற்றில் தூற்றுவார்கள். சுவரிலுள்ள ஒல்லியான பிளவுகள் காற்றோட்டத்துக்கு, அம்பு விட அல்ல. அப்புறம் டார்ச்சோடு உத்தரங்களின் இணைப்புகளைப் பாருங்கள். தச்சர்கள் சட்டங்களைத் தரையில் பொருத்திப் பார்த்து, ரோமன் எண் செதுக்கி, கழற்றி மேலே ஏற்றுவார்கள். வரிசை குழம்பியிருந்தாலோ, எதுவும் பொருந்தாத காலித் துளைகள் இருந்தாலோ, அது வேறு கட்டடத்து மரமாக இருக்கலாம். பழைய கப்பலை உடைத்து எடுத்த மரம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

துல்லியமான ஆண்டு வேண்டுமா? மரத்தின் ஆண்டு வளையங்களை வைத்துக் கணிக்கும் மரவளையக் கணிப்புதான் வழி. பட்டையை ஒட்டிய விளிம்பு மிச்சமிருந்தால் ஓக் மரம் வெட்டிய ஆண்டே கிடைத்துவிடும். ஓக்கைப் பச்சையாகவே இழைத்ததால் கட்டியதும் அதை ஒட்டித்தான். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமென்றால் மாதிரி எடுக்க மரத்தில் துளை போடுமுன் கவுன்சிலில் கேட்டுவிடுங்கள்.

காகிதங்களைப் பின்னோக்கிப் புரட்டுங்கள். கவுன்சிலின் திட்ட அனுமதிக் கோப்பில் மாற்றுவதற்கு முந்தைய கொட்டகையின் வரைபடம் இருக்கும், பலர் இதைத் தேடுவதே இல்லை. பிரிட்டனின் அரசு நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் இலவசம். 1836ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வந்த டைத் (தேவாலயத்துக்குக் கட்டிய பத்திலொரு பங்கு வரி) வரைபடங்களோடு சேர்ந்த பட்டியலில் ஒவ்வொரு வயலுக்கும் உரிமையாளர், குத்தகைக்காரர், வயலின் பெயர் எல்லாம் உண்டு. அந்தக் குத்தகைக்காரரின் பெயரை எடுத்துக்கொண்டு 1841 சென்சஸுக்குப் போங்கள். பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள், கவனம். 1931 சென்சஸைத் தேட வேண்டாம், 1942இல் எரிந்துவிட்டது.

லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1941–43 பண்ணைக் கணக்கெடுப்பையும் விடாதீர்கள். தண்ணீர், மின்சாரம், எலித்தொல்லை வரை குறித்து, விவசாயிக்கு ஏ, பி, சி என்று தரமும் போட்டார்கள். பி, சி வாங்கியவருக்கு முதுமையா, பணமில்லையா, ஆளே சரியில்லையா என்ற காரணமும் சேர்த்து.